பன்னிரண்டு கேன் தண்ணீர்

மூச்சை உள்ளே இழுத்தால் வலது விலாவில் ஆணி இறங்கியது. வெளியே விட்டால் கொஞ்சம் தேவலை. பாதி மூச்சாக இழுத்து, பாதி மூச்சாக விட்டு, இருபது லிட்டர் கேனை இடது தோளில் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். கரோல் பாக்கில் இருக்கிற அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் உண்டு. தண்ணீர் கேனோடு எங்களை அதில் ஏற்றக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு.

விலாவில் உதைத்தவர் ஜெயகிருஷ்ணன். போன ஞாயிற்றுக்கிழமை உதைத்தார். வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்புக் கால்தான், ஆனாலும் உள்ளே ஏதோ விரிசல் விட்டிருந்தது. டாக்டரிடம் போகவில்லை. எலும்பென்றால் தானே ஒட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பின்னால் சுப்பு கைக்கொரு கேனாக ஏறி வந்தான். என் மனைவி பொன்னம்மாளின் தம்பி. முப்பத்தெட்டு வயது. வார நாட்களில் கொத்தனார் வேலை. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தண்ணீர் தூக்க வருவான்.

"மாமா, மீனுக்கு மூணு மாடி ஏறித் தண்ணி ஊத்துற ஆளுங்க இந்த டெல்லியிலேயே நாம ரெண்டு பேருதான்."

"பேசாம ஏறு."

"நம்ம குடிசை கேம்ப்புக்குத் தண்ணி டேங்கர் வந்து மூணு நாளாச்சு. இதுல ஒரு கேனை எங்கக்காவுக்குக் குடுத்தா ஒரு வாரம் உன்னைத் திட்டமாட்டா."

"இது உப்புத் தண்ணி. சோறு வேகாது."

"உன் மேல இருக்கிற கோவத்துக்கு அவ இதுலயே வேக வெச்சிருவா."

சிரித்தால் விலா குத்தும் என்பதால் சிரிக்கவில்லை.

மீன் தொட்டி கழுவுவது என் தொழில். பதினாலு வருஷம் ஆகிறது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஆறு வீடு, ஆர்.கே.புரத்தில் ஒரு பல் டாக்டர், கரோல் பாக்கில் இரண்டு நகைக்கடை, பிறகு ஜெயகிருஷ்ணன் வீடு. இருப்பதிலேயே பெரிய தொட்டி அவருடையதுதான். ஆறடி நீளம், ஐந்நூறு லிட்டர், ஆப்பிரிக்க சிக்லிட் முப்பது. மஞ்சள், ஆரஞ்சு, கறுப்புப் பட்டை போட்டது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாண் நீளத்தில் ஒரு நீலம்.

சிக்லிட் அழகான மீன். அதே அளவுக்குக் கெட்ட மீன். பெரியது அடுத்ததை அடிக்கும், அது தனக்கு அடுத்ததை அடிக்கும். கடைசியில் இருக்கிறதுக்கு ஒளிய ஒரு கல் பொந்து கிடைக்காவிட்டால் செதிலைப் பிய்த்து, கண்ணைக் கொத்தி, செத்த பிறகும் விடாது. ஜெயகிருஷ்ணனுக்கு அதுதான் பிடிக்கும். சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

"இதப் பாரு சேட்டு, ஒருத்தன் மேல ஒருத்தன். அப்படியே நம்ம சைட் மாதிரி."

அவர் லேபர் கான்ட்ராக்டர். அப்பா சர்க்கார் ஆபீஸ் கிளார்க். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், தமிழில் பாதி ஹிந்தி. கட்டட வேலைக்கு ஆள் அனுப்பி அனுப்பியே இந்தத் தளத்தை வாங்கினார். ஒருமுறை கான்க்ரீட் போடும்போது ஐந்து நிமிஷம் உட்கார்ந்ததற்காக சுப்புவை நாற்பது பேர் முன்னால் செருப்பால் அடித்தார். அதோடு சுப்பு அவர் சைட்டை விட்டான். என்னோடு அவர் வீட்டுப் படியேறுவதைக்கூட எனக்காகத்தான் செய்தான்.

பொங்கலுக்குப் பிறகுதான் மீன்களுக்கு நோய் வந்தது. முதல் அடையாளம், சண்டை நின்றது. நீலம் ஒரு மூலையில் கறுத்துப்போய் நின்றது. மற்றவை துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தன. தீனி போட்டால் வாயில் வாங்கித் துப்பின. உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, பூஞ்சை இல்லை, வயிறு ஊதவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், புழு இல்லை. எனக்குத் தெரிந்த நோய் எதுவும் அதில் இல்லை.

கல்லுப்புப் போட்டேன். நீல மருந்து விட்டேன். வயிற்றுப் புழுவுக்கான மாத்திரையைத் தீனியில் குழைத்துக் கொடுத்தேன். ஹீட்டரை ஏற்றினேன். எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் எல்லாத் தொட்டிக்காரனும் செய்வதைச் செய்தேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாற்றுகிற தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றினேன். அப்போதுதான் சாவு கூடியது. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு இரண்டு தெரு தள்ளி இருக்கிற மீன் கடையிலிருந்து போர் தண்ணீர் பன்னிரண்டு கேன் கொண்டுவந்து ஊற்றுவேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று மேலே வந்து வாயைப் பிளக்கும். செவுள் சிவந்து விரியும். சாயங்காலத்துக்குள் மல்லாக்கக் கிடக்கும். அப்படிப் பதினொன்று போயிற்று.

"நீ வர்ற நாள்ல மட்டும்தான் சாவுது. வராத நாள்ல ஒண்ணுகூடச் சாவல. என்னை என்ன உல்லுன்னு, முட்டாள்னு நினைச்சியா?" என்றார் ஜெயகிருஷ்ணன்.

என் சட்டைப் பையில் சோதனைச் சொட்டு பாட்டில் எப்போதும் இருக்கும். கேன் தண்ணீரில் ஐந்து சொட்டு விட்டுக் காட்டினேன். நல்ல நீலமாக வந்தது. இந்த மீனுக்கு வேண்டிய, உப்பும் சுண்ணாம்பும் கலந்த காரத் தண்ணீர்.

"பாருங்க சார், என் தண்ணி சுத்தம்."

"தண்ணி சுத்தம்னா அதுல எவனோ கலக்கறான்."

அப்போதுதான் உதைத்தார். கீழே விழுந்தவனைத் தூக்கி உட்கார வைத்து, என் வலது கையை இழுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைத்தார்.

"அடுத்த வாரம் இன்னொண்ணு செத்தா இந்தக் கையை இங்கேயே உடைப்பேன். உன் ஆளுல எவன்னு கண்டுபிடி."

வெறும் பேச்சில்லை. அவர் சைட்டில் கம்பி திருடியவன் ஒருவன் இப்போது சிக்னலில் பேனா விற்கிறான். இடது கையால்தான் நீட்டுவான்.

அந்த வாரம் முழுக்க என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

விலா வலியோடு படியேறிய அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயகிருஷ்ணனும் மனைவியும் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வாட்ச்மேன் கதவைத் திறந்து விட்டான். பாதித் தண்ணீரை வெளியேற்றி, பன்னிரண்டு கேனையும் ஊற்றினோம். சுப்புவைக் கீழே அனுப்பிவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷத்தில் ஆரஞ்சு ஒன்று மேலே வந்தது. பிறகு பட்டை போட்டது. இரண்டும் தலைகீழாகச் சுற்றின, கண்ணாடியில் மோதின, நின்றன. வலையில் அள்ளி பிளாஸ்டிக் பையில் சுருட்டி டவுசர் பைக்குள் போட்டேன். பிரயோஜனம் இல்லை. அவர் தினமும் மீனை எண்ணுகிறவர்.

கீழே இறங்கினேன். சுப்பு காலி கேன்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை மாமா?"

"ரெண்டு."

"சாவட்டும். என்னைச் செருப்பால அடிச்சான்ல, அவன் பார்க்கப் பார்க்க ஒண்ணொண்ணா சாவட்டும்."

காலையில் நான் டீ குடிக்கப் போனபோது மீன் கடைக் குழாயடியில் கேன்களோடு தனியாக இருந்தவன் இவன் என்பது அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. போன வாரமும் இவன்தான். அதற்கு முந்தின வாரமும்.

"என்னடா போட்ட?"

"எதுல?"

"தண்ணில என்னடா போட்ட?"

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். அந்தச் சிரிப்பு எனக்கு ஒப்புதலாகப் பட்டது. வேலைப் பையிலிருந்து பைப் ரெஞ்சை எடுத்து முதலில் தோளில் போட்டேன். பீடி தெறித்தது. கழுத்தைப் பிடித்து வாசல் படிக்கு இழுத்தேன். வலது கையைப் படியின் கல்மேல் வைத்து மணிக்கட்டை முட்டியால் அழுத்தினேன். என்னைவிடப் பலசாலி. ஒரு உதறு உதறியிருந்தால் நான் ரோட்டில் கிடந்திருப்பேன். அக்கா புருஷன் என்று கையை ஓங்காமல் இருந்தான்.

"நான் இல்ல மாமா. அக்கா மேல சத்தியமா நான் இல்ல."

முதல் அடி நடுவிரலில் விழுந்தது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். "சொல்லு," என்றேன். "என்னத்த சொல்ல," என்றான். இரண்டாவது அடியில் மோதிர விரல். மூன்றாவதற்கு அவன் கத்தவில்லை, வாந்தி எடுத்தான். ஆள்காட்டி விரல் நகத்தோடு நசுங்கிக் கல்லில் ஒட்டியது. எதிர்ப்பக்கம் ஜூஸ் கடைக்காரன் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான். யாரும் வரவில்லை. வேலைக்காரனை வேலைக்காரன் அடித்தால் இந்த ஊரில் யாரும் குறுக்கே வருவதில்லை.

பொன்னம்மாள்தான் அவனை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று விரலுக்கும் கம்பி செருகிக் கட்டுப் போட்டார்கள். அவனை வீட்டில் விட்டு வந்து, அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கி என் தலைக்கு எறிந்தாள். காதை உரசிக்கொண்டு போய்த் தகரச் சுவரில் ஓட்டை போட்டது.

"உன் கையைக் காப்பாத்த எந்தம்பி கையை உடைச்சியா?"

"அவன்தான் விஷம் போட்டான்."

"போட்டதைப் பார்த்தியா?"

அந்த வாரம் அவள் எனக்குச் சோறு போடவில்லை.

திங்கட்கிழமை ஜெயகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னேன். ஆளைப் பிடித்துவிட்டேன், கையை உடைத்துவிட்டேன் என்று, ஏதோ வேலையை முடித்துவிட்டு வந்தவன் மாதிரி நின்றேன்.

"ஷாபாஷ்," என்றார். "அச்சா, அப்ப வர்ற ஞாயிறு நீ தனியா தண்ணி கொண்டு வா. வேற எவன் கையும் படக் கூடாது. அதுக்கப்புறம் செத்தா நீதான்."

ஞாயிற்றுக்கிழமை குழாயடியை விட்டு நகரவில்லை. பன்னிரண்டு கேனையும் நானே பிடித்து, நானே மூடி, நானே பன்னிரண்டு தடவை மாடி ஏறினேன். விலா ஒவ்வொரு படிக்கும் குத்தியது. ஏழாவது தடவை தொண்டை வறண்டு கேனிலேயே வாய் வைத்துக் குடித்தேன். கரிப்புத் தண்ணீர். நாக்கில் உப்பும் சுண்ணாம்புமாக ஒட்டியது. ஜெயகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஜ்யோத்ஸ்னா சமையலறையில் இருந்தாள்.

மூன்று கேன் ஊற்றியதும் மஞ்சள் ஒன்று மேலே வந்து வாயைப் பிளந்தது. கண் முன்னாலேயே மல்லாந்தது. நீலமும் மேலே வந்தது.

என் கை போச்சு என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. சுப்பு இல்லை என்பது முதலில் தோன்றியது.

"பன்னிரண்டு கேனும் நீ பிடிச்சது," என்றார் ஜெயகிருஷ்ணன். எழுந்து வந்து பின்னந்தலை மயிரைக் கொத்தாகப் பிடித்து என் முகத்தைத் தொட்டிக்குள் அமுக்கினார். "குடி. நீ ஊத்தினதை நீயே குடி."

நெற்றி கல்லில் இடித்தது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. செத்த மஞ்சள் கன்னத்தில் உரசியது. விலா வலியில் கையை ஊன்றி எழ முடியவில்லை. இரண்டு வாய், மூன்று வாய் விழுங்கினேன். இழுத்து வெளியே எடுத்து, மறுபடி அமுக்கினார். இரண்டாவது முறை விழுங்கும்போதுதான் நாக்கு சொன்னது. சப்பென்று இருந்தது. வேகவைத்து ஆறவைத்த மாதிரி, ஒரு ருசியும் இல்லாத தண்ணீர். நான் ஊற்றுவது கரிக்கும். வாரா வாரம் பாதித் தொட்டிக்குக் கரிப்புத் தண்ணீர் ஊற்றுகிறேன். அது எங்கே போயிற்று?

தலை வெளியே வந்ததும் இருமிக்கொண்டே சொன்னேன்: "சார், இது என் தண்ணி இல்ல."

முதுகில் குத்தினார். நான் பால்கனிக்கு ஓடினேன். தொட்டியிலிருந்து வெளியேற்றிய பழைய தண்ணீரை அங்கே வாளி வாளியாக, டப் டப்பாகப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு வாளியைத் தூக்கி வந்து தொட்டியில் திரும்ப ஊற்றினேன்.

"பாகல் ஹை கியா? பைத்தியமா? அழுக்குத் தண்ணியைத் திரும்ப ஊத்துறான்."

ஸ்டூலைத் தூக்கி அடித்தார். தோளில் பட்டது. நான் அடுத்த வாளிக்குப் போனேன். இன்னொரு அடி முழங்காலில். நொண்டிக்கொண்டே மூன்றாவது வாளி, நான்காவது வாளி. அடிப்பதில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஊற்றுவதை நான் நிறுத்தவில்லை. தொட்டி விளிம்புவரை நிரம்பும்வரை ஊற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரத்தில் நீலம் கீழே இறங்கியது. பிறகு மற்றவையும் இறங்கின. செவுள் அடங்கியது. வேறு எதுவும் சாகவில்லை.

ஸ்டூலைக் கையில் வைத்தபடியே ஜெயகிருஷ்ணன் தொட்டியைப் பார்த்தார். "என்ன பண்ணின?"

வாளியின் அடியில் மிஞ்சிய பழைய தண்ணீரை டம்ளரில் எடுத்து ஐந்து சொட்டு விட்டேன். மஞ்சளாக வந்தது. எலுமிச்சை மஞ்சள், புளித்த தண்ணீருக்கு வருகிற நிறம். இன்னொரு டம்ளரில் கேன் தண்ணீர், நீலம். இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். வாரா வாரம் கேன் தண்ணீரைத்தான் சோதித்துக் காட்டியிருக்கிறேன். திட்டு விழுகிறவன் தன் தண்ணீர் சுத்தம் என்று நிரூபிக்கத்தான் பார்ப்பான். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"இதுல குடிக்கிற ஆர்.ஓ. தண்ணி யாரு சார் ஊத்துறது?"

சமையலறை வாசலிலிருந்து ஜ்யோத்ஸ்னா சொன்னாள்: "நான்தான். தினம் ரெண்டு பக்கெட்."

பால்கனியில் எட்டுப் பூந்தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருந்தாள். டெல்லிக் குளிரில் இலையெல்லாம் உதிர்ந்துபோக, மீன் தண்ணீர் ஊற்றினால் துளிர்க்கும் என்று யாரோ யூடியூபில் சொல்லியிருக்கிறான். பொங்கலிலிருந்து தினமும் காலையில் மீன் தொட்டியிலிருந்து இரண்டு வாளி எடுத்துச் செடிக்கு விட்டு, எடுத்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியிருக்கிறாள்.

"பாவம், அதுங்களும் நல்ல தண்ணி குடிக்கட்டுமேன்னு," என்றாள்.

செடிகள் இடுப்பு உயரத்துக்குப் பளபளவென்று நின்றன.

அவருக்கு விளங்கும்படி சொன்னேன். சென்னையிலிருந்து விமானத்தில் மீன் பார்சல் வரும். இரண்டு நாள் மூடிக் கிடந்த பையில் மீனின் கழிவு சேர்ந்திருக்கும், தண்ணீரும் புளித்திருக்கும். புளித்த தண்ணீரில் அந்தக் கழிவு மீனைக் கொல்லாது, சோர வைக்கும். அதில் கடையின் காரத் தண்ணீரைக் கலந்தால் அதே கழிவு அந்த நிமிஷம் விஷமாகிவிடும். அதனால் பைத் தண்ணீரோடு கடைத் தண்ணீரைக் கலக்கவே கூடாது என்பது மீன் கடையில் சேர்ந்த முதல் நாளே அடித்துச் சொல்லிக் கொடுக்கிற பாடம். ஆர்.ஓ. தண்ணீரில் புளிப்பை முறிக்கிற உப்பு, சுண்ணாம்பு ஒன்றும் இல்லை. தினம் நாற்பது லிட்டர் ஊற்ற ஊற்ற இந்த ஆறடித் தொட்டியே ஒரு பார்சல் பை ஆகிவிட்டது. ஃபில்டரில் கழிவைத் தின்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் செத்துவிட்டது. ஞாயிறு தோறும் அதில் காரத் தண்ணீரைக் கொட்டிக் கொன்றது நான்தான். என் பன்னிரண்டு கேன் சுத்தத் தண்ணீர்தான்.

ஜெயகிருஷ்ணன் இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்தேன். இப்போது அவளுக்கு விழும் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏண்டி, உன் ரசத்துக்காக என் பதினாலு மீனைக் கொன்னுட்டியே."

"எனக்கு யாரு சொன்னா? தெரிஞ்சா ஊத்துவேனா?" என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். கூடவே இரண்டு பிஸ்கட்.

என் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் டீயில் விழுந்தது. ஜெயகிருஷ்ணன் ஒரு துண்டை என் மடியில் போட்டார்.

"பாரு சேட்டு, உன் ஆளு ஒண்ணும் பண்ணல. பாவம், அவன் கையைப் போய் உடைச்சியே. நீ கொஞ்சம் ஜல்தி பண்ணிட்ட."

டீயைக் குடித்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிஸ்கட்டையும் தின்றேன்.

வைத்தியம் மூன்று வாரம் நடந்தது. மூன்று நாள் தீனி இல்லை. முதல் வாரம் தினமும் டம்ளர் டம்ளராக, அடுத்த வாரம் தினம் ஒரு வாளி மட்டும் போர் தண்ணீர். உடைத்த சிப்பி ஓட்டை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டேன். பல் டாக்டர் வீட்டுத் தொட்டியிலிருந்து பூச்சி குடியிருக்கிற ஃபில்டர் பஞ்சை எடுத்து வந்து இதில் பொருத்தினேன். சொட்டு மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்தது, பச்சையிலிருந்து நீலத்துக்கு. பதினேழாம் நாள் ஜெயகிருஷ்ணன் போன் செய்தார்.

"சேட்டு, நீலம் ஒரு ஆரஞ்சோட வாலைப் பிய்ச்சிருச்சு. சண்டை ஆரம்பிச்சாச்சு." அவர் குரலில் அத்தனை சந்தோஷம்.

ஆறு வாரம் கழித்து சுப்புவின் கட்டைப் பிரித்தார்கள். ஆள்காட்டி விரல் முதல் கணுவோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டும் மடங்கவில்லை. கேம்ப்பில் அவன் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து சாந்து பூசுகிற கரணையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்ததும் நழுவியது. மறுபடி எடுத்தான். மறுபடி நழுவியது.

தண்ணீர், ஆர்.ஓ., கறிவேப்பிலை எல்லாவற்றையும் சொன்னேன். கரணையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப நான் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"ம்."

"யாருன்னும் தெரிஞ்சுபோச்சு."

"ம்."

"அவங்க கையை யாராவது உடைச்சாங்களா மாமா?"

நான் என் வலது கையைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் வைத்தேன். "அடிடா," என்றேன்.

அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடது கையால் தள்ளிவிட்டான்.

"உன் கையை உடைச்சு நான் என்ன பண்றது? அதுல நான் செங்கல் வைக்க முடியுமா? எந்திரிச்சுப் போ மாமா. வெளிச்சத்தை மறைக்கிற."

எழுந்து வந்துவிட்டேன். இப்போது அவன் ஒரு கடையில் இடது கையால் மூட்டை எண்ணுகிறான். ஜெயகிருஷ்ணன் வீட்டுக்கு நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன், தனியாகத் தண்ணீர் தூக்குகிறேன். சுப்புவுக்கு வலது கையில் மூன்று விரல் நான் தர வேண்டும். இன்றுவரை தரவில்லை.